காக்கும், திருத்தாது: பவளத் தொட்டியில் சுண்ணாம்பு நீர்

பள்ளிக்கூடத்தில் சுண்ணாம்புத் தெளிநீருக்குள் குழாய் விட்டு ஊதிய நினைவு பலருக்கும் இருக்கும். மூச்சிலுள்ள கார்பன் டை ஆக்சைடு பட்டதும் தெளிநீர் பால்போல் வெளுக்கும். ஆசிரியர் பெரும்பாலும் அத்தோடு நிறுத்திவிடுவார். விடாமல் ஊதினால் அந்தப் பால் மறுபடி தெளியும். வீட்டில் பவளத் தொட்டி வைத்திருப்பவரின் வேதியியல் பாதிக்குமேல் இந்த இரண்டு மாற்றங்களுக்குள் அடங்கிவிடும்.

பவளம் தண்ணீரிலிருந்து கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் எடுத்துத் தன் கூட்டைக் கட்டுகிறது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 420 மில்லிகிராம் கால்சியம் உண்டு. காரத்தன்மை, அதாவது பெரும்பாலும் பைகார்பனேட்டின் அளவு, டிகேஹெச் என்ற அலகில் ஏறத்தாழ 7. எத்தனை பவளம் எடுத்தாலும் கடலுக்கு அது தெரியாது. 200 லிட்டர் கண்ணாடித் தொட்டிக்கு ஒரே நாளில் தெரிந்துவிடும். இதை ஈடுகட்டும் பழைய வழி, ஆவியாகிப்போன நன்னீருக்குப் பதிலாகச் சுண்ணாம்புத் தெளிநீரைச் சொட்டுச் சொட்டாக விடுவது. ஜெர்மன் மொழியில் இதற்குக் கால்க்வாசர் என்று பெயர். 1970களில் பீட்டர் வில்கென்ஸ் இதைப் பரப்பினார். தானே அளந்து ஊற்றும் டோசிங் பம்புகள் மலிந்த பிறகும் இது வழக்கொழியவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. பவளம் ஒரு பங்கு கால்சியத்துக்கு இரண்டு பங்கு பைகார்பனேட் எடுக்கிறது. சுண்ணாம்பும் ஒரு கால்சியத்துக்கு இரண்டு ஹைட்ராக்சைடு தருகிறது. அது தொட்டியில் கரைந்துள்ள கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துப் பைகார்பனேட்டாகிவிடும். போன கணக்கும் வந்த கணக்கும் சரி. மிச்சம் எதுவும் இல்லை. கால்சியம் குளோரைடையும் சோடியம் பைகார்பனேட்டையும் தனித்தனியே ஊற்றும் முறையில் சாப்பாட்டு உப்பு மெல்லச் சேரும். ஹான்ஸ் வெர்னர் பாலிங் வகுத்த முறையில் சோடியம் குளோரைடு இல்லாத உப்புக் கலவை ஒன்று மூன்றாவதாகச் சேர்ந்தது அதற்காகத்தான். ஏசி போட்டு மூடிய அறையில் நம் மூச்சுக்காற்றே தொட்டியின் பி.ஹெச்.சை இறக்கும். சுண்ணாம்பு நீர் அதையும் தூக்கி நிறுத்துகிறது. செலவும் குறைவு. அதற்காக வெற்றிலைக் கடைச் சுண்ணாம்பைக் கரைத்துவிடக் கூடாது. அதில் வேறென்ன கலந்திருக்கிறது என்று கடைக்காரருக்கே தெரியாது. உணவுத் தரக் கால்சியம் ஹைட்ராக்சைடுதான் வேண்டும்.

குறைகளுக்கு வருவோம். முதல் குறை, நிறைக்குள்ளேயே இருக்கிறது. சரிசமமாகத் தருவதாலேயே சுண்ணாம்பு நீரால் ஏற்றத்தாழ்வைச் சரிசெய்ய முடியாது. ஆண்டுக்கு ஒரு வயது கூடினாலும் அண்ணனுக்கும் தம்பிக்கும் உள்ள இடைவெளி மாறுவதில்லை அல்லவா? கால்சியம் 350இல் கிடக்க, காரத்தன்மை 11இல் நிற்கும் தொட்டியில் இதை ஊற்றினால் இரண்டும் சேர்ந்தே ஏறும். காரத்தன்மை எல்லை மீறிப் பம்பின் மேலும் ஹீட்டரின் மேலும் சுண்ணாம்புக்கல்லாகப் படியும். மெக்னீசியம் 1300ஐ விட்டு நன்றாக இறங்கியிருந்தால் அந்தப் படிவு இன்னும் விரைவாக நடக்கும்.

இந்த ஏற்றத்தாழ்வு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் அளவைத் தவறாகப் படிப்பதிலிருந்து. காரத்தன்மை 1 டிகேஹெச் இறங்கும்போது கால்சியம் லிட்டருக்கு 7 மில்லிகிராம்தான் இறங்குகிறது. முன்னது ஏழில் ஒரு பங்கு. பின்னது அறுபதில் ஒரு பங்கு. பல டெஸ்ட் கிட்களில் ஒரு சொட்டின் அளவே 10 அல்லது 20 என்பதால் அந்த 7 கண்ணில் படாது. “கால்சியம் அப்படியேதான் இருக்கிறது, காரம் மட்டும் குறைகிறது” என்று முடிவுகட்டிச் சோடா உப்பை மட்டும் கொட்டுகிறோம். மாதக் கடைசியில் கால்சியம் பள்ளத்தில் கிடக்கிறது.

இரண்டாவது குறை, பவளத்தின் பசிக்கும் தண்ணீர் ஆவியாவதற்கும் எந்த உறவும் இல்லை என்பது. தெவிட்டிய சுண்ணாம்பு நீர் ஒரு லிட்டரில் சுமார் 800 மில்லிகிராம் கால்சியம் இருக்கும். 200 லிட்டர் தொட்டியில் நாளுக்கு 2 லிட்டர் ஆவியானால் தொட்டி நீரில் லிட்டருக்கு 8 மில்லிகிராம் கால்சியமும் 1 டிகேஹெச்சுக்குச் சற்றுக் கூடுதலான காரமும் சேரும். அதுதான் உச்சவரம்பு. மழைக்காலத்தில் ஆவியாவது குறையும். பவளத்தின் பசி குறையாது.

மூன்றாவது, விபத்து. இந்த நீரின் பி.ஹெச். 12க்கு மேல். என் தொட்டியில் ஒருமுறை, நீர்மட்டம் பார்க்கும் மிதவையில் சுண்ணாம்புப் பொருக்கு ஏறி, அது கீழேயே ஒட்டிக்கொண்டது. பம்ப் நிற்கவில்லை. காலையில் கண்ணாடிக்குள் இருந்தது அரிசி களைந்த தண்ணீர். மீன்கள் மேல்மட்டத்தில் தவித்தன. கடையில் வாங்கிய வெறும் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றித்தான் பி.ஹெச்.சை இறக்கினேன். ஆசிரியர் நிறுத்திய சோதனையை நான் தொடர்ந்து ஊதினேன் என்று சொல்லலாம். படிந்த வெள்ளை முழுவதும் கரையவில்லை.

ஆகவே, சுண்ணாம்பு நீர் நல்ல காவல்காரன், வைத்தியன் அல்ல. ஏற்றத்தாழ்வு இருந்தால் முதலில் குறைந்ததை மட்டும் தனியே சேர்த்துச் சரிசெய்ய வேண்டும். பிறகே இதனிடம் பொறுப்பை ஒப்படைக்கலாம். அதற்கும் முன், மூன்று நாள் எதையும் ஊற்றாமல், தினமும் ஒரே நேரத்தில் ஒரே கிட்டால் காரத்தன்மையை அளந்து குறித்துவையுங்கள். நாளுக்கு எவ்வளவு இறங்குகிறதோ அதுதான் உங்கள் பவளங்களின் பசி. ஆவியாகும் தண்ணீர் அதற்கு ஈடுகொடுத்தால் ஒரு வாளிச் சுண்ணாம்பு நீரே போதும். ஈடுகொடுக்காவிட்டால் சுண்ணாம்பு நீரை நிறுத்த வேண்டியதில்லை. எட்டாத மீதியை மட்டும் டோசிங் பம்பிடம் விடுங்கள்.