பள்ளிக்கூடம் பூட்டியிருந்த காலம்: யாழ்ப்பாணத்து வீடுகளும் தமிழ்நாட்டு வீடுகளும்

திருச்சியில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தபோது, பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் பேச்சுவாக்கில் ஒரு சொல் சொன்னார்: "கொரோனா நேரத்துல உங்க ஊர் வாத்தியாருங்க ஆன்லைன் கிளாஸைக்கூட நிறுத்திட்டு ஸ்ட்ரைக் பண்ணாங்களாமேம்மா? நாங்கல்லாம் வீடு தேடிப் போயில்ல சொல்லிக் கொடுத்தோம்." நல்ல மனிதர், மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு பேசுகிறவரல்லர். ஆனாலும் சுருக்கென்றது. அவர் சொன்ன இரண்டும் நடந்தவைதான். அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இலங்கையில் பிள்ளைகளைக் கவனிக்க ஆளில்லாமல் போய்விட்டது போலத் தோன்றும். அப்படி இல்லை என்பதை அன்றைக்கு நான் அரைகுறையாகத்தான் சொன்னேன். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

பள்ளிக்கூடங்கள் பூட்டப்பட்டதில் இரண்டு கரைக்கும் சில நாள் இடைவெளிதான். இலங்கையில் 2020 மார்ச் 12 அன்று அறிவித்தார்கள். தமிழ்நாட்டில் அதே மாத நடுவில் சின்ன வகுப்புகளில் தொடங்கி எல்லா வகுப்புகளுக்கும் விடுமுறை வந்தது. மார்ச் 20 அன்று எங்களுக்கு ஊரடங்குச் சட்டம். நாலைந்து நாளில் அவர்களுக்கும் அது வந்தது. யாழ்ப்பாணத்தில் முதலாவது நோயாளி மார்ச் 22 அன்று உறுதிப்படுத்தப்பட்டார். அதனால் மற்றப் பல மாவட்டங்களில் ஊரடங்கு தளர்ந்த பிறகும் எங்கள் ஒழுங்கைகள் வெறிச்சோடியே கிடந்தன.

பூட்டிய பள்ளிக்கூடம் எங்களுக்குப் புதிதல்ல. 1995 ஒக்டோபர் கடைசியில் போரால் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழும்பி நடந்தபோது, தென்மராட்சியிலும் வன்னியிலும் மரத்தடியில் வகுப்பு நடந்தது. மின்சாரம் இல்லாத ஆண்டுகளில் ஜாம் போத்தலில் விளக்குச் செய்து படித்தவர்கள்தான் இன்றைய தாய்மார். 2009 ஓகஸ்டில் செட்டிகுளம் இடம்பெயர்ந்தோர் முகாம்களுக்குள் கம்பிவேலிக்குப் பின்னால் இருந்துகொண்டே பிள்ளைகள் உயர்தரப் பரீட்சை எழுதினார்கள். ஆகவே 2020இல் பள்ளிக்கூடம் பூட்டியபோது எங்கள் வீடுகள் ஒரு கணம்கூடத் திகைக்கவில்லை. அம்மம்மாமார் உடனே கேட்டது, "கொப்பியள் எங்கை?" என்பதுதான்.

என் தங்கை வீட்டில் நடந்ததைச் சொன்னால் ஊரில் நடந்ததில் பாதியைச் சொன்னதாகும். மூன்று பிள்ளைகள், ஒரு போன். மூத்தவளுக்குச் சாதாரண தரம், இளையவனுக்குத் தரம் 5 புலமைப்பரிசில், நடுவில் ஒருத்தி. காலையில் ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில் அனுப்பும் குறிப்புகள் வரும். பெரும்பாலும் கையால் எழுதிப் படமெடுத்தவை. தங்கை அவற்றைத் தானே ஒரு கொப்பியில் பார்த்தெழுதி நடு மகளிடம் கொடுப்பாள், போன் மூத்தவளுக்கு வேண்டும் என்பதற்காக. இளையவனை நேத்ரா தொலைக்காட்சிப் பாடத்துக்கு முன்னால் இருத்துவாள். பின்னேரம் வேலிப்பொட்டால் பக்கத்து வளவுக்குப் போய், உயர்தரம் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் அக்காவிடம் கணக்குக் கேட்பார்கள். இந்த அக்காமாரை எந்தத் திணைக்களமும் நியமிக்கவில்லை. சம்பளமும் இல்லை. மாம்பழமோ முருங்கைக்காயோ வேலிக்கு மேலால் போகும், அவ்வளவுதான்.

திருச்சி வீட்டிலும் இதே கதைதான் என்று அண்ணி சொன்னா. அரசு உதவிபெறும் பள்ளியில் படித்த அவவின் பிள்ளைகளுக்குக் கல்வித் தொலைக்காட்சி இருந்தது. அது 2019 ஓகஸ்டிலேயே தொடங்கப்பட்டது. ஆகவே நோய் வந்தபோது ஒரு தனி அலைவரிசை ஆயத்தமாக நின்றது. மேல்வகுப்புப் பிள்ளைகளில் பலரிடம் அரசு கொடுத்த மடிக்கணினி இருந்தது. அந்தத் திட்டம் 2011இல் தொடங்கியது. இவை எங்களிடம் இல்லாதவை, ஒப்புக்கொள்கிறேன். எங்கள் கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ என்ற இணையத்தளம் நல்லதுதான். ஆனால் அதைத் திறந்து பார்க்க முதலில் வீட்டில் ஒரு கருவி வேண்டும்.

பேசும்போது சொற்கள் இடையில் வந்து நின்றுகொண்டே இருந்தன. எங்கள் அதிபர் அவர்களுக்கு எச்.எம்.; கொப்பி அங்கே நோட்டு; ரியூசன் டியூஷனாகிறது; உயர்தரம் பிளஸ் டூ ஆகிறது. அவர்கள் கோடை விடுமுறையைக் கணக்கு வைத்துப் பேச, நான் மூன்று தவணைகளைக் கணக்கு வைத்துப் பேசினேன். இவையெல்லாம் சிரித்துக்கொண்டே கடந்துபோகும் வேறுபாடுகள். பரீட்சை என்று வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

தமிழ்நாட்டில் 2020ஆம் ஆண்டின் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முதலில் தள்ளிப்போய், ஜூன் 9 அன்று கைவிடப்பட்டது. காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணுக்கு 80 விழுக்காடு, வருகைக்கு 20 விழுக்காடு என்று கணக்கிட்டு எல்லோரும் தேர்ச்சி. அடுத்த ஆண்டு பிளஸ் டூ தேர்வும் நடக்கவில்லை. இலங்கையில் எந்தப் பொதுப் பரீட்சையும் கைவிடப்படவில்லை. மினுவாங்கொடைக் கொரோனாக் கொத்தணி வெடித்த அதே கிழமையில், 2020 ஒக்டோபர் 11 அன்று, பத்து வயதுப் பிள்ளைகள் முகக்கவசத்தோடு புலமைப்பரிசில் பரீட்சை எழுதினார்கள். மறுநாள் உயர்தரம் தொடங்கியது. அந்த ஆண்டுச் சாதாரண தரம் 2021 மார்ச்சுக்கும், 2021இன் உயர்தரம் 2022 பெப்ரவரிக்கும் தள்ளிப்போயின. தள்ளிப்போயினவே ஒழிய இல்லாமற்போகவில்லை.

எங்கள் வீடுகளை அந்த இரண்டு ஆண்டும் நிமிர்த்தி வைத்திருந்தது இதுதான். எப்போது என்று தெரியாது, ஆனால் பரீட்சை வரும் என்று ஒவ்வொரு தாய்க்கும் தெரியும். எனவே கொப்பி மூடப்படவில்லை. தமிழ்நாட்டுத் தாய் முயன்றாலும் பிள்ளையிடம் சொல்ல அவவிடம் அந்தப் பிடி இருக்கவில்லை. "எப்படியும் ஆல் பாஸ்தானே" என்று மகன் எழுந்து போனதை அண்ணியே சொன்னா. யாழ்ப்பாணத்துப் பிள்ளை அப்படி எழுந்து போகவில்லை என்பதில் எனக்குப் பெருமை உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை.

ஆனால் அந்தப் பெருமை மலையகத்துக்குப் போனதும் தடுமாறுகிறது. ஊரடங்கிலும் தேயிலைத் தோட்டங்கள் இயங்கின. அம்மா கொழுந்து பறிக்க விடியவே மலைக்குப் போய்விட, லயன் அறையில் மூத்த பிள்ளை தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டது. நாட்கூலியை ஆயிரம் ரூபாயாக்கும் தீர்மானம் 2021 மார்ச்சில்தான் நடைமுறைக்கு வந்தது. அந்த வருமானத்தில் போனும் டேட்டாவும் எங்கிருந்து வரும்? ஊவாவில் பிபிலைக்கு அருகே சிங்களக் கிராமமொன்றின் பிள்ளைகள் போன் சிக்னல் தேடிக் காட்டு வழியே நடந்து பாறை உச்சியில் ஏறிப் படித்ததை உலகமே படமாகப் பார்த்தது. பரீட்சை எல்லோருக்கும் ஒரே நாளில் வந்தது. படிக்கும் வழி எல்லோருக்கும் ஒன்றாக இருக்கவில்லை. யாழ்ப்பாணத்திலும் எல்லா வீடும் ஒரு வீடல்ல. கனடாவிலோ சுவிசிலோ ஒரு சித்தப்பா இருக்கும் வீட்டுக்கு இரண்டாவது போன் வந்தது. அப்படி ஒருவரும் இல்லாத கரையோரக் குடும்பத்தில் அப்பாவின் போன் அப்பாவோடு கடலுக்குப் போனது.

இனி அந்த வேலைநிறுத்தம். 2021 ஜூலை நடுவிலிருந்து ஒக்டோபர் கடைசி வரை எங்கள் ஆசிரியர்களும் அதிபர்களும் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகியிருந்தார்கள். காரணம், 1990களிலிருந்து தீர்க்கப்படாத சம்பள முரண்பாடு. அதற்கு முந்தைய ஓராண்டுக்கும் மேலாக அதே ஆசிரியர்கள் தங்கள் சொந்தக் காசில் டேட்டா போட்டுப் பாடம் நடத்தியிருந்தார்கள். பணி நிறுத்திய நாட்களிலும், தங்கை மகள் இரவு ஒன்பது மணிக்கு அனுப்பிய விஞ்ஞானக் கேள்விக்குப் பத்து மணிக்குள் அவளுடைய ஆசிரியையிடமிருந்து விடை வந்தது. சங்கம் சொன்னதையும் பிள்ளை கேட்டதையும் அந்த ஆசிரியை ஒன்றாகவே மதித்தா. பாதிப்பு இருக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. ரியூசன் காசு கட்ட முடிந்த பிள்ளை தப்பியது, முடியாத பிள்ளை மூன்றரை மாதம் இழந்தது. ஆனால் அந்தக் கணக்கை ஆசிரியர் தலையில் மட்டும் எழுதுவது நியாயமல்ல.

தலைமையாசிரியர் பெருமையோடு சொன்ன 'இல்லம் தேடிக் கல்வி'யைப் பற்றி ஊர் திரும்பியபின் தேடிப் படித்தேன். 2021 ஒக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகே முதலமைச்சர் ஸ்டாலின் அதைத் தொடக்கிவைத்தார். ஒன்று முதல் எட்டாம் வகுப்புவரை, மாலையில் ஒன்றரை மணிநேரம்வரை, கோயில் மண்டபத்திலும் வீட்டுத் திண்ணையிலும் வகுப்பு. கற்பித்த தன்னார்வலர்கள் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர், பெரும்பாலும் அதே தெருப் பெண்கள். மாதம் ஆயிரம் ரூபாய் கொடுப்பனவு. கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளியலாளர்கள் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்துச் செய்த ஆய்வில், பள்ளிகள் திறந்த ஆறு மாதத்துக்குள் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது என்றும், மீண்டதில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு இந்தத் திட்டத்தால் வந்தது என்றும் கண்டார்கள். அருமையான வேலை. எந்த மனத்தடையும் இல்லாமல் பாராட்டுகிறேன்.

ஆனால் திகதியைக் கவனியுங்கள். அங்கே ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை 2021 செப்டெம்பர் 1 அன்றே திறந்தாயிற்று. சின்ன வகுப்புகள் நவம்பர் 1 அன்று திறந்தன. அதாவது பள்ளிகள் திறக்கிற வேளையில்தான் கல்வி வீடு தேடிப் போனது. அதற்கு முந்தைய ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக, சின்ன வகுப்புகளில் பூட்டு உண்மையாகவே தொங்கிய காலத்தில், தமிழ்நாட்டிலும் பிள்ளையைத் தாங்கியது வீடுதான். தொலைக்காட்சி இருந்தது, ஆனால் பிள்ளையை அதன் முன்னால் இருத்தியது தாய். சத்துணவுக்குப் பதிலாக அரிசியும் பருப்பும் கொடுத்தார்கள், சமைத்துப் போட்டது அதே தாய். இங்கும் அவள்தான். இரு கரையிலும் அரசு தூங்கிய மாதங்களில் விழித்திருந்தவள் அவள். இதைத்தான் நான் அந்தப் பெரியவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

திருச்சியிலேயே கொட்டப்பட்டு இலங்கைத் தமிழ் அகதிகள் முகாம் இருக்கிறது. எங்களில் இருந்து பிரிந்து போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் தமிழ்நாட்டுப் பாடப் புத்தகம் படித்து, தமிழ்நாட்டு 'ஆல் பாஸ்' பெற்றவர்கள். வீட்டுக்குள்ளே பாட்டிமார் எங்கள் பேச்சில்தான் அதட்டுவார்கள். எந்தக் கரை சிறந்தது என்று நான் வழக்காடும்போது அந்தப் பிள்ளைகளை எந்தப் பக்கத்தில் நிறுத்துவது? அவர்களை நினைத்ததும் என் குரல் கொஞ்சம் தணிகிறது.

தணிந்த குரலில் பார்த்தால் ஒரு வேறுபாடு மிஞ்சுகிறது. தெருவிலுள்ள படித்த பெண் தெருப்பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது இரு நாட்டிலும் நடந்தது. தமிழ்நாடு அதைக் கண்டுகொண்டு, ஒரு பெயர் வைத்து, பயிற்சியும் புத்தகமும் கொடுத்து, சிறு தொகையும் கொடுத்தது. இலங்கை அதை வேலிக்கு மேலால் போகும் மாம்பழத்தோடு விட்டுவிட்டது. அதனால் அது யாழ்ப்பாணத்தில் இருந்தது, லயன்களில் இல்லை. அக்கா உள்ள ஒழுங்கையில் இருந்தது, அக்கா இல்லாத ஒழுங்கையில் இல்லை.

நோய் போனபின்னும் எங்களுக்கு ஓய்வு கிடைக்கவில்லை. 2022 மார்ச்சில் தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சை ஒத்திவைக்கப்பட்டது. ஜூனிலும் ஜூலையிலும் எரிபொருள் இல்லாமல் பள்ளிக்கூடங்கள் மறுபடி பூட்டப்பட்டன. அப்போதும் வீடுகள்தான் தாங்கின. நாங்கள் தாங்குவோம் என்பதையே அரசு தன் திட்டமாக வைத்திருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

இதை மாற்றப் பெரிய செலவு வேண்டாம். உயர்தரம் எழுதிப் பல்கலைக்கழக அனுமதிக்காக நீண்ட மாதங்கள் காத்திருக்கும் பிள்ளைகள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். வேலைக்காகக் காத்திருக்கும் பட்டதாரிகள் மாவட்டம்தோறும் இருக்கிறார்கள். வடக்கில் ஊருக்கு ஊர் சனசமூக நிலையம் இருக்கிறது. தோட்டத்தில் சிறுவர் நிலையமும் கோயில் மண்டபமும் இருக்கின்றன. 1945இல் அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கரா இலவசக் கல்வியைக் கொண்டுவந்த நாடு இது. அந்தக் கல்வி பள்ளிக்கூட வாசலோடு நின்றுவிடாமல் இருக்க, அடுத்த பூட்டு விழுவதற்கு முன்பே இவர்களைப் பெயர் பதிந்து, பயிற்சி கொடுத்து, மாதக் கொடுப்பனவும் ஒதுக்கி வைக்க வேண்டும். முதலில் மலையகத்தில் தொடங்க வேண்டும். தமிழ்நாடு எப்படிச் செய்தது என்று கேட்டு எழுதிக்கொள்வதில் எங்களுக்கு ஒரு குறைவும் இல்லை. ஆளும் அனுபவமும் எங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன.