காணி எங்கை போகப்போகுது?

பெரியம்மாவின் அலுமாரியில் ஒரு பழைய பிஸ்கற் ரின் உண்டு. பொலித்தீன் பையில் சுற்றிய காணி உறுதிகள் நாலைந்து அதற்குள். 1995 ஒக்ரோபர் கடைசியில் போருக்குத் தப்பி வலிகாமமே தென்மராட்சிக்கு நகர்ந்த இரவில், நாவற்குழிப் பாலத்து நெரிசலில் அரிசிப் பையைக் கைவிட்டவர் அந்த ரின்னைக் கைவிடவில்லை. கொக்குவிலில் மூன்று பரப்பு, இணுவிலில் தோட்டக்காணி ஐந்து பரப்பு. "காசு கரைஞ்சு போகும் தம்பி, காணி எங்கை போகப்போகுது?" என்பார். முதுமைக்குச் சேமிப்பது எப்படி என்று யாழ்ப்பாணக் குடாநாட்டில் யாரைக் கேட்டாலும் அநேகமாக இதே பதில்தான். முதற்சம்பளம் வாங்கிய பெடியனும் வங்கி வட்டியை விசாரிக்க முன்னரே பரப்பு என்ன விலை போகுதென்று விசாரிக்கிறான்.

இதைப் பழங்காலத்துப் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. அரச உத்தியோகத்தருக்கு மாதாமாதம் ஓய்வூதியம் வருகிறது. தனியார் துறைக்காரருக்கு 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த ஊழியர் சேமலாப நிதிதான் பெரிய ஆதாரம்: சம்பளத்தில் ஊழியர் 8 சதவீதம், முதலாளி 12 சதவீதம். 2022 இல் அந்த நிதி கொடுத்த வட்டி 9 சதவீதம். அதே ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம். முப்பது வருஷம் ஒழுங்காகச் சேர்த்தவர் ஒன்றும் செய்யாமலே தோற்றுப்போனார். அந்த வருஷம் மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360 ஐத் தொட்டபோது, காணி வைத்திருந்தவர் ரொறன்ரோக் காசுக்கும் லண்டன் காசுக்கும் ஏற்றபடி விலை சொல்லலாம். வங்கிப் புத்தகத்தோடு நின்றவருக்கு அந்த வசதி இல்லை.

காணிக்கு இன்னொரு குணமும் உண்டு. அது நம்முடைய கையைக் கட்டிவைக்கும். நிலையான வைப்பில் காசு கிடக்கிறதென்று தெரிந்தால் மைத்துனர் கைமாற்றுக் கேட்பார், கோயில் திருவிழாவுக்கு உபயம் கேட்பார்கள். பரப்பில் பாதியை வெட்டிக் கைமாற்றாகத் தா என்று இன்றுவரை எவரும் கேட்டதில்லை.

ஆனால் நாம் எதைப் பார்த்து இந்தப் பாடத்தைப் படித்தோம்? கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவுக்குப் போய் ரயில்வேயிலும் அரச கந்தோர்களிலும் வேலைபார்த்துத் திரும்பியவர்கள் ஊரில் காணி வாங்கினார்கள், நாற்சார் வீடு கட்டினார்கள். அந்த வீடுகளின் தூண்கள் இன்றைக்கும் நிற்பதால் அவை நம் கண்ணில் படுகின்றன. அந்தத் தூண்களுக்குப் பின்னால் மாதம் தவறாமல் கடல்தாண்டி வந்துகொண்டிருந்த மலாயா பென்சன் கண்ணில் படுவதில்லை. அவர்களைச் சாப்பிட வைத்தது பென்சன். காணி அவர்களைக் கௌரவப்படுத்தியது. பென்சன் இல்லாத நாம் கௌரவத்தை மட்டும் கொப்பி அடித்துவிட்டோம்.

பென்சன் இல்லாதவர்களும் காணியை நம்பி வாழ்ந்தார்கள்தானே என்றால், வாழ்ந்தார்கள், வேறொரு ஏற்பாட்டினால். ஒல்லாந்தர் காலத்தில், 1707 அளவில் எழுத்தில் தொகுக்கப்பட்ட தேசவழமையில் சீதனம் மகளுடையது. தகப்பன் வாங்கும் வளவு பெரும்பாலும் மகளின் பெயருக்குப் போவதற்கென்றே வாங்கப்பட்டது. மருமகன் அந்த வீட்டுக்கே வருவார், தாயும் தகப்பனும் மகளோடு இருந்து கண்ணை மூடுவார்கள். கெட்டிக்கார நொத்தாரிசு நன்கொடை உறுதியில் பெற்றோரின் சீவிய உரித்தை ஒதுக்கியே எழுதுவார். மருமகன் முகம் சுளித்தாலும் கிழவரை எழுப்ப முடியாது. யாழ்ப்பாணத்தில் நான் கண்ட மிகப் புத்திசாலித்தனமான ஓய்வூதியத் திட்டம் இந்த ஒரு வரிதான். ஆக, முதுமைக்குச் சோறு போட்டது மகள். காணி அதற்கான ஒப்பந்தப் பத்திரம். மகள் ஸ்காபரோவில் இருக்க வளவு கொக்குவிலில் கிடந்தால் பத்திரம் மட்டுமே மிச்சம்.

பத்திரமாவது பத்திரமாக இருக்குமா? கூட்டுப் பங்காளரிடமும் உரிமைக்காரரிடமும் முதலில் கேட்காமல் விற்றால், 1947 ஆம் ஆண்டின் முன்கொள்வுச் சட்டத்தைக் காட்டி வழக்கு வரலாம். பத்து வருஷம் இன்னொருவர் தனதென்று ஆண்டுவிட்டால் ஆட்சியுரிமை கேட்பார். போரால் தடைப்பட்டவர்களுக்கு 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தைக் கழித்துவிட 2016 இல் தனிச்சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்தவர் இரட்டைக் குடியுரிமை இல்லாமல் வாங்குவதை 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. அதனால் தம்பி பெயரில் வாங்குகிறார்கள். அந்தத் தம்பிக்கும் பிள்ளைகள் உண்டு.

"எங்கை போகப்போகுது" என்ற கேள்விக்கு வலிகாமம் வடக்கைக் கேட்டால் தெரியும். 1990 இல் போரால் எழும்பிய மயிலிட்டிக்காரர் தம் துறைமுகத்தை மீண்டும் கண்டது 2017 இல். காணி எங்கும் போகவில்லை. உறுதியும் கையில் இருந்தது. இடையில் 27 வருஷம் போய்விட்டது. அவர்களில் எத்தனையோ பேர் முகாம் கொட்டிலிலேயே கிழவர்களானார்கள்.

புதிதாகத் தொடங்குபவர் ஒரு கடதாசியில் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். ஒரு பேச்சுக்கு வீடு ஒரு கோடி, வாடகை மாதம் 25,000 என்று வைத்தால் வருஷத்துக்கு மூன்று லட்சம், அதாவது 3 சதவீதம். அதற்குள்தான் வரியும், ஓடு மாற்றுவதும், ஆள் இல்லாத மாதங்களும். வெறும் வளவென்றால் அதுவும் இல்லை. வாங்கும்போதே முத்திரைத் தீர்வை, முதல் லட்சத்துக்கு 3 சதவீதமும் மிச்சத்துக்கு 4 சதவீதமும், வாங்குபவர் தலையில். அவசரத்துக்கு விற்கப் போனால் அவசரம் முகத்தில் தெரியும், விலை விழும். ஒரு மருத்துவச் செலவுக்காகச் சமையலறைப் பக்கத்து அரைப் பரப்பை மட்டும் விற்கவும் முடியாது.

என் கட்சி இது: இரண்டு வருஷச் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் காணும் காசு வட்டியோடு தனியே கிடக்காதவர் இரண்டாவது காணியை வாங்கக்கூடாது. சேமலாப நிதி ஓய்வு பெறும்போது மொத்தமாகக் கைக்கு வரும், மாதாமாதம் வராது. வந்த கிழமையே அதை முழுவதுமாக ஒரு வளவில் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. ஐம்பத்தைந்தில் வாங்கிய வெறுங்காணி எழுபதில் என்ன தரும் என்று தரகர் சொல்வதில்லை. முப்பது வயதுக்காரர் வாங்கினால் நியாயம் வேறு; அவருக்குக் காத்திருக்கக் காலம் இருக்கிறது, மாதச் சம்பளமும் இருக்கிறது.

பெரியம்மாவுக்கு இப்போது எண்பத்திரண்டு. இணுவில் தோட்டத்தைச் செய்ய ஆளில்லை. பக்கத்து வளவுக்காரர் ஒவ்வொரு முறை வேலி அடைக்கும்போதும் பூவரசங் கதியாலை ஒரு சாண் உள்ளே நட்டுவிடுகிறார். போன மாரியில் கொக்குவில் வளவுக்கு டெங்குக்காரர் வந்து, பற்றையை வெட்டாவிட்டால் வழக்கு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கூலிக்கு இரண்டு பேர், இரண்டு நாள். ஸ்காபரோவிலிருந்து மகள் மருந்துக்கென்று அனுப்பிய காசில் அந்தக் கூலியைக் கொடுத்தார். மிச்சச் சில்லறையைப் போட்டுவைக்க வேறிடம் தேடாமல் பிஸ்கற் ரின்னைத் திறந்து உறுதிகளுக்கு மேலேயே வைத்து மூடினார்.