சைவதூஷண பரிகாரமும் பரபக்க நெறியும்

கிறித்து சமயத்தின் முற்பட்ட வாதிகள் கிரேக்கர் தத்துவத்தை ஒருபடித்தாக நோக்கினரல்லர். இரண்டாம் நூற்றாண்டினராகிய ஜஸ்டின், சாக்ரடீசு முதலியோரிடத்தும் இறைவாக்கு விதையாய்க் கிடந்ததென்றனர். சிறிது பிற்பட்ட தெர்த்தூலியரோ அத்தத்துவத்தைத் திரிபுக் கொள்கைகட்குத் தாயெனப் பழித்தனர். ஆயினும் கோயில் வழிபாட்டைப் பேய்வழிபாடெனத் தள்ளுதலில் இருவரும் ஒருதலையரே.

யாழ்ப்பாணத்தில் சைவத்தைத் தூஷித்த பாதிரிமார் பெரிதும் எடுத்தாண்டதும் இவ்வழிபாட்டு நிந்தையேயாம். அதற்கு விடையாக ஆறுமுக நாவலர் 1854-இல் சைவதூஷண பரிகாரத்தை வெளியிட்டார். பெர்சிவல் பாதிரியாரோடிருந்து விவிலியத் தமிழாக்கத்தில் உழைத்தவராதலின், அவர் பிறர் நூலைச் செவிவழியறிந்து மறுத்தாரல்லர். ஆலயம், தூபம், விளக்கு, பலி, சுத்தி என்னும் பழைய ஏற்பாட்டு விதிகளை எடுத்துக்காட்டி, இவை நுமக்கு ஆகுமாயின் எமக்கு ஆகாமை யாங்ஙனம் என்னும் நெறியில் வாதிக்கின்றார். அவ்விதிகள் கிறித்துவின் வருகையோடு ஒழிந்தன என்பர் எதிர்வாதிகள். ஒழிந்தனவாகவே கொள்ளினும், இறைவன் தானே ஒருகால் விதித்தது இயல்பாகவே இழிந்ததாதல் கூடாது. பரிகாரத்தின் வலியெல்லாம் இங்கேயே உளது.

எனினும், ஒப்புமை காட்டுதல் குற்றத்தை விலக்குமேயன்றிப் பொருளை நிறுவாது. சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியர், உலகாயதம் முதலாகப் பிறர் மதங்களை அவரவர் கூறுமாறே வைத்து மறுத்து, அதன்பின் சுபக்கத்தில் தம் மதம் நாட்டினார். பரிகாரத்துக்கு அச்சுபக்கப் பகுதி இல்லை. பள்ளிப்பிள்ளைகள் மதம்மாறுங் காலத்து எழுந்த காவல்நூலாதலின் அது குறையுமன்று. ஆனால் வட்டுக்கோட்டைச் செமினரித் தலைவராயிருந்த ஹொய்சிங்டன் பாதிரியாரின் சிவஞானபோத ஆங்கில மொழிபெயர்ப்பும் அதே 1854-இல் அமெரிக்கக் கீழ்த்திசைக் கழக இதழில் வெளிவந்தது. தூபதீபத்தை விடுத்துப் பதி, பசு, பாசங்களையே ஆராயப் புகுந்த அவர்போல்வார்க்குப் பரிகாரத்தைக் காட்டுதல் போதாது; சித்தியார் சுபக்கத்தையே விரித்துரைத்தல் வேண்டும்.