மறுத்த மன்னனும் மறையாத கீழுலகும்

அமெரிக்க இசையாளர் பிலிப் கிளாஸ் ஆக்கிய 'அக்நாதென்' என்னும் ஒபரா, 1984ஆம் ஆண்டு மார்ச் 24ஆந் திகதி ஜேர்மனியின் ஸ்ருட்காட் நகரில் முதன்முதலாக மேடையேறியது. கி.மு. 14ஆம் நூற்றாண்டில் எகிப்தை ஏறத்தாழ 17 ஆண்டுகள் ஆண்டு, பழைய தெய்வங்களைப் புறந்தள்ளிச் சூரியவட்டமாகிய அத்தென் ஒன்றையே முதன்மைப்படுத்திய மன்னனின் எழுச்சியும் வீழ்ச்சியும் இதன் பொருளாகும். இதனை ஒரு சீர்திருத்தவாதியின் அவலக்கதையாகக் கொள்வதே வழக்கு. ஆயின், தொடக்கத்தையும் முடிவையும் இணைத்து நோக்குமிடத்து, இது இறந்தோர் உலகைப் பற்றிய நாடகம் என்பது புலனாகும்.

முதற் காட்சி, தந்தை மூன்றாம் அமெனொத்தெப்பின் இறுதிச்சடங்கு. முரசுகள் அதிர, ஆடவர் குழு பண்டை எகிப்திய மொழியிலேயே இறந்தோர்க்குரிய மந்திரங்களைப் பாடுகின்றது. வாத்தியக் குழுவில் வயலின்கள் இல்லை. வியோலாக்களே மேலோங்குவதால் இசையெங்கும் இருள் படர்கின்றது. புதிய மன்னனோ மூன்றாம் காட்சி வரை வாய் திறப்பதில்லை. இரண்டாம் அங்கத்தில் அவன் பாடும் சூரியத் துதி மட்டும் பார்வையாளரின் மொழியில் அமைகின்றது. அவன் நமக்கு நேரே விளங்குவது அந்தப் பொழுதில் மாத்திரமே.

ஆனால் அது பகலின் பாடல். இரவுக்கு அவனிடம் விடை உண்டா? ஒருகாலத்தில் அரச குடும்பத்தாரின் பிரமிட்டுகளில் மட்டுமே பொறிக்கப்பட்ட மறுமை வாசகங்கள், மத்திய இராச்சிய காலத்திற் பிறரின் சவப்பேழைகளிலும் எழுதப்பட்டன. ஒசிரிசின் கீழுலகு அவ்வாறு அரசரல்லாதார்க்கும் திறந்தது. அக்நாதெனின் தலைநகராகிய அமர்னாவின் கல்லறைகளிலோ ஒசிரிஸ் இடம்பெறவில்லை. இறந்தோரின் வாழ்வும் அரசனின் அருளிலேயே தங்கிற்று.

இவ்விழப்பின் கனத்தைக் கிளாஸ் போதியளவு உணர்த்தினாரா என்பதே எமது வினா. மூன்றாம் அங்கத்தில் மக்கள், குருவாலும் படைத்தலைவனாலும் தூண்டப்பட்ட கூட்டமாகவே மாளிகையைத் தாக்குகின்றனர். தாம் இழந்தது யாதென அவர்கள் பாடுவதில்லை. 2006 முதல் அமர்னாவின் எளியோர் இடுகாட்டில் நிகழ்ந்த அகழ்வுகள், ஊட்டக்குறைவும் கடும் உழைப்பும் பதிந்த எலும்புகளை வெளிக்கொணர்ந்தன. அவ்வெலும்புகளுக்குரியோருக்கு இந்நாடகத்திற் குரல் இல்லை. இது சிறு குறையன்று.

எனினும் இறுதிக் காட்சி ஆழமானது. இன்றைய உல்லாசப் பயணிகள் அமர்னாவின் இடிபாடுகளைப் பார்த்துச் செல்கின்றனர். அவர்கள் அகன்றபின் மன்னன், அரசி நெபர்த்தீத்தி, தாய் தீயே ஆகியோரின் ஆவிகள் சொற்களின்றிப் பாடுகின்றன. தொலைவில் தந்தையின் சவ ஊர்வலம் இன்னும் சென்றுகொண்டிருக்கின்றது. ஆவிகளும் அதனை நோக்கி நடக்கின்றன. தான் மறுத்த பாதையைத் தவிர வேறு பாதை அம்மன்னனுக்கு எஞ்சவில்லை. மக்களின் இரவுக்கு ஒளி தராத சீர்திருத்தம், எத்துணை அழகிய பகலைப் பாடினும் நிலைக்காது என்பதே இவ்வாக்கம் நமக்கு விட்டுச்செல்லும் தீர்ப்பாகும்.