ஏன் என்று கேட்கக் கூடாதா?

1948 டிசம்பர் 10 அன்று பாரிசில் கூடிய ஐக்கிய நாடுகள் பேரவை, உலக மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றது. ஆதரவு 48; எதிர்ப்பு இல்லை; வாக்களிக்காது விலகி நின்ற நாடுகள் 8. எதிர்ப்பின்றி நிறைவேறியது என்று மகிழ்வோர் உண்டு. நாமும் மகிழ்கிறோம். ஆயினும், அந்த எட்டில் ஒன்று தென்னாப்பிரிக்கா என்பதையும், நிறவெறியை அரசின் கொள்கையாக்கிய கட்சி அங்கே ஆட்சி ஏறியது அதே 1948-இல்தான் என்பதையும் மறக்கலாமா?

பிரகடனத்தின் முதல் விதியைப் பாருங்கள். மாந்தர் அனைவரும் மதிப்பிலும் உரிமையிலும் சமமாய்ப் பிறந்தோர். பகுத்தறிவும் மனச்சான்றும் உடையோர் என்கிறது அது. முன்வரைவில் ஆடவரை மட்டுமே குறிப்பதாகக் கொள்ளத்தக்க சொல் இருந்தது. அதை மாற்றச் செய்தவர் இந்தியப் பிரதிநிதி அன்சா மேத்தா. ஒரே ஒரு சொல்தானே என்பீர்கள். உலகில் பாதிப்பேர் அந்தச் சொல்லுக்கு வெளியே நின்றிருப்பார்களே! கடவுளின் பெயரையும் சேர்க்கவேண்டும் என்றது பிரேசில். சீனப் பிரதிநிதி சாங் அதற்கு இசையவில்லை, கடவுள் சேர்க்கப்படவில்லை. அவ்வறிவு ‘இயற்கையால்’ வாய்த்தது என்னும் சொல்லும் நீக்கப்பட்டது.

நல்லது. கடவுளும் போனார், இயற்கையும் போயிற்று. பிறகு, உரிமை எதன்மேல் நிற்கிறது? பிரெஞ்சு மெய்யியலார் ழாக் மாரித்தேன் இதைப்பற்றி ஒரு செய்தி சொல்கிறார்: உரிமைகளின் பட்டியலில் நாங்கள் ஒன்றுபட்டோம், ஆனால் ஏன் என்று எவரும் கேட்கக்கூடாது என்ற உடன்பாட்டின்மேல்தான் ஒன்றுபட்டோம் என்று கூடியிருந்தோர் கூறினராம். மாரித்தேன் கத்தோலிக்கர், தமக்கென ஓர் ‘ஏன்’ வைத்திருந்தவர். ஒப்பந்தம் எழுதும் மேசைக்கு அந்த உடன்பாடு போதும். மறுப்பவன் எதிரே வந்து நிற்கும்போது போதுமா? உனக்கேன் உரிமை என்று கறுப்பனை நோக்கி வெள்ளையன் கேட்டால், கேட்காதே என்பதா விடை?

அமெரிக்கரான ரிச்சர்டு ரோர்ட்டி இன்னும் ஒரு படி சென்றார். அடிப்படை தேடுவதே வீண். துயரக் கதைகளைச் சொல்லி நெஞ்சை இளகச் செய்வதே வழி என 1993-இல் வெளியான தம் உரையில் வாதிட்டார். கதையின் ஆற்றலை நாம் மறுக்கவில்லை, இதழ் நடத்துவோர் மறுக்கவும் முடியாது! ஆனால் ஆண்டானின் கண்ணீரை நம்பி அடிமை காத்திருக்க வேண்டுமென்றால், அவனுக்குக் கிடைப்பது உரிமையா, இரக்கமா? இளகிய நெஞ்சு நாளை இறுகினால் என் செய்வது?

ஆலன் கெவர்த் 1978-இல் எழுதிய ‘பகுத்தறிவும் ஒழுக்கமும்’ என்ற நூல் நமக்கு மேலாகத் தோன்றுகிறது. ஒரு நோக்கம் கொண்டு செயலாற்றும் எவனும், தன் விடுதலையையும் நல்வாழ்வையும் பிறர் பறிக்கலாகாது என்றே கருதியாகவேண்டும். காரணம் கேட்டால், நான் நோக்கத்தோடு செயலாற்றுபவன் என்பதைத் தவிர வேறு சொல்ல அவனிடம் என்ன இருக்கிறது? அதே காரணம் அடுத்தவனிடத்தும் உண்டு. அவனுக்கு மட்டும் மறுப்பவன் தன் வாயாலேயே தன்னை மறுக்கிறான். ‘எனக்கு இன்றியமையாதது’ என்பதிலிருந்து ‘எனக்கு உரிமை’ என்பதற்குத் தாவுகிறார் என்று குறை கண்டோர் பலர். அந்தத் தாவலை அவர் முழுதும் நிரவிவிட்டார் என நாமும் சொல்லோம். ஆனால் மறுப்பவனைக் காரணம் சொல்ல வைக்கிறாரே, அது பெரிது.

பச்சிளங் குழந்தையும் அறிவு மங்கியோரும் என்னாவார்? செயலாற்றும் திறன் எவ்வளவோ அவ்வளவுக்கு உரிமை என்கிறார் கெவர்த். திறனை அளக்கும் கோலை யார் கையில் கொடுப்பது? இந்த இடத்தில் நாம் அவரோடு இல்லை.