கேட்டல்: முதல் வகுப்பில் தொலைந்த பாதி

1

ஒரு ஒன்றாம் வகுப்பு. ஊர்ப்பெயர் வேண்டாம். நான் பின்னால் சுவரோரம் உட்கார்ந்திருக்கிறேன். டீச்சர் ஒரு பட அட்டையைத் தூக்கிக் காட்டி ‘இது என்ன?’ என்கிறார். ‘எருமெ’ என்று நாலைந்து குரல்கள். ‘எருமை’ என்று திருத்துகிறார். ‘எரு...மை’ என்று வகுப்பு மொத்தமும் இழுத்துச் சொல்கிறது.

அப்போது ஒரு சிறுமி எழுந்து நிற்கிறாள். ‘டீச்சர், எங்க ஊட்டு எருமெ நேத்து ராத்திரி கன்னு போட்டுச்சு. எங்கம்மா தூங்கவே இல்ல. காலையில சீம்பாலு காய்ச்சுச்சு.’

டீச்சர் கோபக்காரர் இல்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: ‘அம்மாவைக் காய்ச்சுச்சுன்னு சொல்லலாமா? காய்ச்சினார்னு சொல்லணும். ஊடு இல்ல, வீடு. எங்கே, எல்லாரும் சொல்லுங்க, வீடு.’ வகுப்பு ‘வீடு’ என்றது. சிறுமி உட்கார்ந்துவிட்டாள். நான் இருந்த மீதி நேரத்தில் அவள் தானாக வாயைத் திறக்கவில்லை. கூட்டாகச் சொன்னபோது மட்டும் உதடு அசைந்தது.

அவள் சொன்னதைத் திரும்பப் பாருங்கள். மூன்று வாக்கியங்கள். இடம், காலம், நிகழ்வு, அதன் விளைவு எல்லாம் வரிசை பிசகாமல் வந்துவிட்டன. ராத்திரி கண் விழித்தவளின் உழைப்பும், காலையில் அடுப்பில் ஏறிய பாலும் அதற்குள் இருக்கின்றன. ஐந்து வயதில் ஒரு முழுக் கதையாடல். வகுப்பறை அதிலிருந்து எடுத்துக்கொண்டது ஒரு பெயர்ச்சொல்லை. அதையும் திருத்தி எடுத்துக்கொண்டது.

2

கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் என்று நான்கு திறன்கள். ஆசிரியர் பயிற்சிக்குப் போன யாருக்கும் இது மனப்பாடம். கேட்டலும் படித்தலும் உள்வாங்கும் திறன்கள், பேசுதலும் எழுதுதலும் வெளிப்படுத்தும் திறன்கள் என்று கட்டம் போட்டுக் காட்டுவார்கள். பார்க்க ஒழுங்காக இருக்கிறது. தப்பு சொல்ல என்ன இருக்கிறது என்றுதான் தோன்றும்.

முதல் சொல்லிலேயே இருக்கிறது. தமிழில் ‘கேள்’ என்பதற்கு இரண்டு பொருள். காதால் கேட்பதும் கேட்பதுதான், வாயால் வினவுவதும் கேட்பதுதான். கடையில் போய்ச் சாமான் கேட்கிறோம், கூலி கேட்கிறோம், நியாயம் கேட்கிறோம். திருக்குறளில் கல்வி, கல்லாமை அதிகாரங்களுக்கு அடுத்து வருவது ‘கேள்வி’. கற்றவர் சொல்வதைச் செவியால் பெறுவதுதான் அங்கே பேச்சு. இன்று அதே சொல்லுக்கு முதல் அர்த்தம் வினா. இரண்டையும் ஒரே வினைக்குள் வைத்திருக்கிற மொழி நம்முடையது. ஆங்கிலக் கல்வியியலின் பட்டியலைத் தமிழில் போட்டபோது செவிக்குரிய பாதி மட்டும் பாடத்திட்டத்துக்குள் வந்தது. வினவுகிற பாதி வாசலிலேயே நின்றுவிட்டது.

நின்றதற்குக் காரணம் மொழிபெயர்ப்பு மட்டும் இல்லை. ‘சொல்பேச்சு கேட்கிற பிள்ளை’ என்கிறோம். இங்கே கேட்பது என்றால் கீழ்ப்படிவது. ‘எதிர்த்துக் கேட்காதே’ என்கிறோம். இங்கே கேட்பது குற்றம். பண்ணையில், ஆலையில், அலுவலகத்தில் நாளைக்கு அந்தப் பிள்ளையிடம் எந்தக் கேட்டல் தேவைப்படுமோ அதைத்தான் ஒன்றாம் வகுப்பு பழக்குகிறது. வாயில் விரலை வைத்து உட்காரச் சொல்கிறோமே, அது உடல்மேல் எழுதப்படுகிற முதல் பாடம். அகரம் அதற்குப் பிறகுதான். கருத்தியல் அரசு இயந்திரங்களில் பள்ளியே முதன்மையானது என்று அல்துஸ்ஸர் 1970ல் எழுதியதை நம் பக்கங்களில் எத்தனையோ முறை சொல்லியாயிற்று. அந்த இயந்திரம் ஒரு வினைச்சொல்லை எப்படி இரண்டாக அறுக்கிறது என்று பார்க்கத்தான் நமக்கு நேரமில்லை.

பட்டியலில் இன்னொரு ஓட்டையும் உண்டு. அது முழுக்கக் குழந்தையின் திறன்களைப் பற்றியது. குழந்தை பேசும்போது கேட்கவேண்டியது யார்? அவருடைய கேட்டல் திறனை அளக்க எந்தப் பதிவேட்டில் கட்டம் இருக்கிறது?

3

ஒன்றாம் வகுப்புக்கு வருகிற குழந்தை மொழி தெரியாமல் வருவதில்லை. வேற்றுமை உருபும் காலம் காட்டும் இடைநிலையும் அதன் நாக்கில் ஏற்கெனவே இருக்கின்றன. ‘வந்தேன்’ என்பதை யாரும் சொல்லிக்கொடுக்காமல் ‘நான்’ என்பதோடு பொருத்திவிடுகிறது. ‘எங்கம்மா வந்துச்சு’ என்பதிலும் ஒரு விதி இருக்கிறது. வட்டாரம் வட்டாரமாக, சாதிகளுக்குள்ளும் குடும்பங்களுக்குள்ளும் அன்பாகவே புழங்குகிற விதி. அதை மரியாதைக் குறைவு என்று வகுப்பறை சொல்லும்போது ஒரு வினைமுற்று மட்டும் திருத்தப்படுவதில்லை. உன் வீட்டில் அம்மாவை மதிக்கத் தெரியாது என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லப்படுகிறது. இதே வகுப்பில் வீட்டுப்பேச்சு புத்தகத் தமிழுக்குக் கொஞ்சம் கிட்டத்தில் இருக்கிற குடும்பத்துப் பிள்ளையும் உட்கார்ந்திருக்கும். அதற்கு இந்தச் சூடு கிடையாது. கெட்டிக்காரப் பிள்ளை என்று பெயர்வேறு வாங்கிவிடும்.

படித்தலிலும் இதேதான். அட்டவணையில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. ஒரு குழந்தை இதையெல்லாம் ஒப்பித்துவிடலாம். அப்புறம் ‘அவர்கள் வந்தார்கள்’ என்று புத்தகத்தில் இருக்கும். எழுத்துக்கூட்டி, மூச்சு வாங்கி, வ-ந்-தா-ர்-க-ள் என்று கடைசி எழுத்துவரை போய்ச் சேர்கிறது. போய்ச் சேர்ந்த இடத்தில் தெரிந்த சொல் ஏதும் இல்லை. அதன் வாயில் இருப்பது ‘அவங்க வந்தாங்க’. எழுத்துக்கூட்டுவதின் பயனே, கூட்டி முடித்ததும் ‘அட, இது நமக்குத் தெரிஞ்ச சொல்லாச்சே’ என்று மண்டையில் மின்னுவதுதான். அந்த மின்னல் நம் ஏழைப் பிள்ளைகளுக்கு மிகத் தாமதமாக வருகிறது, சிலருக்கு வராமலே போகிறது. போதாததற்கு, ‘கல்’, ‘பங்கு’, ‘பகல்’ மூன்றிலும் ஒரே ககரம்தான். ஒலியோ மூன்று. சொல் முன்கூட்டியே காதில் இருந்தால்தான் அந்த எழுத்தைச் சரியாக ஒலிக்க முடியும். அதாவது, தமிழ் எழுத்துமுறையே குழந்தையின் காதை நம்பித்தான் நிற்கிறது. பள்ளிதான் அதை நம்ப மறுக்கிறது.

தமிழே வீட்டில் இல்லாத பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். ஓசூர்ப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகள், சத்தியமங்கலம் மலையில் சோளகர் வீடுகள், வடக்கிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் தகரக் கொட்டகைகள். அங்கிருந்து வருகிற குழந்தை பேசாமல் இருந்தால் ‘மந்தம்’ என்று முடிவுகட்டிவிடுகிறோம்.

4

பேசாத பிள்ளை என்று ஒன்று உண்டா? 1960களில் அமெரிக்காவில் கறுப்பினக் குழந்தைகளை வைத்து இதே கேள்வி எழுந்தது. அவர்களுக்கு மொழியே போதவில்லை, வீட்டில் மொழி வறுமை, அதனால்தான் படிப்பு ஏறவில்லை என்றார்கள் கல்வி உளவியலாளர்கள். வில்லியம் லபோவ் 1969ல் எழுதிய ‘தரப்படுத்தப்படாத ஆங்கிலத்தின் தர்க்கம்’ என்ற கட்டுரை அந்த வாதத்தை உடைத்தது. ஹார்லத்தைச் சேர்ந்த எட்டு வயதுச் சிறுவன் ஒருவன். அதே ஹார்லத்தில் வளர்ந்த, அந்த வாழ்க்கை தெரிந்த ஒருவர் பேட்டி எடுத்தபோதும் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிவிட்டு அடைத்துக்கொண்டான். அடுத்த முறை பேட்டி எடுப்பவர் உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலத்தோடு வந்தார். சிறுவனின் நண்பனைக் கூட்டி வந்தார். நாற்காலியை விட்டுத் தரையில் உட்கார்ந்தார். தெருவில் புழங்கும் விலக்கப்பட்ட சொற்களைத் தானே சொன்னார். அதற்கப்புறம் இரண்டு பையன்களும் போட்டி போட்டுக்கொண்டு பேசினார்கள்.

பையன் மாறவில்லை, அவனுடைய ‘திறன்’ ஒரு வாரத்தில் வளர்ந்துவிடவும் இல்லை. அதிகாரம் உட்கார்ந்த உயரம் மாறியது, அவ்வளவுதான். அளவுகோல் குழந்தையை அளந்ததாக நினைத்துக்கொண்டிருந்தோம். உண்மையில் அளக்கப்பட்டது அறையில் இருந்த பயம்.

5

நம் ஊரில் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்ல வரவில்லை. 2003ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பிறகு மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றல் ஒரு நல்ல காரியம் செய்தது. ஆசிரியரைப் பாயில் உட்காரவைத்தது. சுவரின் கீழ்ப்பகுதியில் குழந்தையின் கைக்கெட்டும் உயரத்தில் கரும்பலகை வந்தது. ஆனால் பாயில் உட்கார்ந்த ஆசிரியர் கையில் அட்டை இருந்தது. அட்டைக்கு அப்புறம் அடுத்த அட்டை, ஏணியில் அடுத்த படி. குழந்தை என்ன சொன்னது என்பதைவிட எந்தப் படியில் நிற்கிறது என்பதே பெரிதாயிற்று.

கொரோனாவுக்குப் பிறகு 2022ல் எண்ணும் எழுத்தும் வந்தது. பள்ளி மூடிக்கிடந்த காலத்தில் எழுத்தை மறந்துபோன பிள்ளைகளுக்கு அது அவசியமாகவே இருந்தது, மறுக்கவில்லை. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தார்கள். பெயர் அழகு. ஆனால் எந்தப் பெயரை வைத்தாலும், தான் கீழ்நிலையில் இருப்பது அந்தக் குழந்தைக்குத் தெரிந்துவிடும். 2005 முதல் அசர் அறிக்கைகள் வருகின்றன. எழுத்து, சொல், ஒன்றாம் வகுப்புப் பத்தி, இரண்டாம் வகுப்புக் கதை, எதுவரை வாசிக்கிறது குழந்தை என்று வீட்டுக்கே போய்ப் பார்க்கிறார்கள். அந்த அறிக்கை வரும்போதெல்லாம் நாளிதழ்கள் அலறுகின்றன. வாசித்தல் எண்ணிக்கைக்குள் அடங்குகிறது, அதனால் கொள்கையாகிறது. கேட்பதும் பேசுவதும் எண்ணிக்கைக்குள் அடங்குவதில்லை, அதனால் பதிவேட்டில் ஒரு டிக் மட்டும்.

அந்த டிக்கைப் போடுகிற டீச்சரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது சுலபம். இரண்டு மூன்று வகுப்பை ஒரே அறையில் வைத்துக்கொண்டு, செல்போன் செயலியில் விவரம் ஏற்றிக்கொண்டு இருப்பவர் அவர். எருமைக் கதையைக் கேட்க அவருக்கு யார் நேரம் கொடுத்தார்கள்? மேலிருந்து வருவதைக் கேட்கத்தான் அவருக்கும் பழக்கம். அவர் வினவினால் பதில் சொல்ல ஆள் கிடையாது. அறுக்கப்பட்ட கேட்டல் அவருக்கும்தான் வாய்த்திருக்கிறது.

6

இனி நம் பக்கம் வருவோம். கி. ராஜநாராயணன் கரிசல் வழக்குச் சொல் அகராதியை 1982ல் கொண்டுவந்தார். பாமாவின் ‘கருக்கு’ 1992ல் வந்தது. வீட்டுப்பேச்சும் தெருப்பேச்சும் இலக்கியத்தின் மொழியாகும் என்று நாம் வாதாடி வென்றோம். விமர்சனம் எழுதினோம், கூட்டம் போட்டோம். அந்த ஆண்டுகள் முழுக்க அதே மொழியைப் பேசிய ஐந்து வயதுப் பிள்ளை ஒன்றாம் வகுப்பில் தலை குனிந்து நின்றுகொண்டிருந்தது. விளிம்பின் மொழியை நாவலில் கொண்டாடிய எத்தனை பேர் வீட்டில் சொந்தப் பிள்ளையிடம் ‘ஒழுங்காப் பேசு’ என்று சொல்லாதவர்கள்? இரா. நடராசனின் ‘ஆயிஷா’வை, கேள்வி கேட்ட ஒரு சிறுமியை வகுப்பறை என்ன செய்தது என்ற அந்தக் கதையை, 1990களில் படித்துக் கண்கலங்கினோம். கேட்டதற்காகத் தண்டிக்கப்படுவது பெரிய வகுப்பில் தொடங்குவதாக நினைத்துவிட்டோம். அது ‘ஊடு இல்ல, வீடு’ என்பதில் தொடங்குகிறது.

ஒரு மறுப்பு வரும், வரவும் வேண்டும். தலித் பிள்ளைக்கும் பழங்குடிப் பிள்ளைக்கும் பொதுத்தமிழை மறுத்து வீட்டுப்பேச்சிலேயே நிறுத்திவைக்கச் சொல்கிறீர்களா? மனு எழுதவும் தேர்வு எழுதவும் வழக்கு நடத்தவும் அந்தத் தமிழ்தானே வேண்டும்? நியாயம். பொதுத்தமிழ் ஒரு அதிகாரம், அதைப் பங்கு கேட்பது உரிமை. என் வாதம், அங்கே போய்ச் சேரும் வழி எது என்பது பற்றியது. 1991ல் புதுக்கோட்டையில் அறிவொளி நடந்தபோது பெரியவர்களுக்கு அவர்கள் வாழ்க்கையிலிருந்து சொல் எடுத்து எழுத்தைக் கொடுக்கலாம் என்று நம்மில் பலர் ஃப்ரெய்ரேயைப் படித்து நம்பினோம். பெரியவர்களுக்குக் கொடுத்த அந்த மரியாதையைக் குழந்தைகளுக்கு ஏன் கொடுக்கவில்லை?

கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். நியூசிலாந்தில் மாவோரிக் குழந்தைகளுக்குப் பாடம் சொன்ன சில்வியா ஆஷ்டன்-வார்னர், ஒவ்வொரு குழந்தையிடமும் அதற்கு வேண்டிய சொல் எது என்று கேட்டு, அதை அட்டையில் எழுதி அதன் கையிலேயே கொடுத்தார். பயமும் ஆசையும் ஏறிய சொல் உடனே மனதில் நின்றது. 1963ல் வந்த அவருடைய ‘டீச்சர்’ நூல் இதைச் சொல்கிறது. இங்கேயும் முடியும். பெரிய செலவில்லை. அந்தச் சிறுமி சொன்னதை அவள் சொன்னபடியே கரும்பலகையில் எழுதுவது: ‘எங்க ஊட்டு எருமெ கன்னு போட்டுச்சு’. அதை அவள் வாசிப்பாள். ஏனென்றால் அது அவளுக்கு ஏற்கெனவே தெரியும். பக்கத்தில் ‘எங்கள் வீட்டு எருமை கன்று ஈன்றது’ என்று எழுதுவது. இரண்டையும் பார்த்து என்ன மாறியிருக்கிறது என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். ஒன்று சரி, இன்னொன்று தப்பு என்று அல்ல, ஒன்று வீட்டுக்கு, இன்னொன்று புத்தகத்துக்கு என்று. நான்கு திறனும் அந்த இரண்டு வரிக்குள் வந்துவிடும். அதற்கு முதலில் டீச்சர் கேட்கவேண்டும், இரண்டு பொருளிலும். காது கொடுக்கவும் வேண்டும், ‘அப்புறம் என்ன ஆச்சு?’ என்று வினவவும் வேண்டும்.

அன்றைக்கு அது நடக்கவில்லை. மாட்டை நம்பிப் பிழைக்கிற வீட்டில் பிறந்தது கெடேரியா, கடாவா என்பது சின்ன விஷயம் இல்லை. அடுத்த சில வருஷத்து வரும்படி அதில் இருக்கிறது. அந்தச் சிறுமிக்கு விடை தெரியும். யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். டீச்சர் கேட்கவில்லை. பின்னால் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் குறித்துக்கொண்டிருந்த நானும் கேட்கவில்லை.