ஆங்கில உரைநடையிற் செயப்பாட்டுவினை

ஆங்கிலம் கற்கும் மாணவன் இலக்கண வகுப்பிற் செய்யும் பயிற்சிகளுள் வாக்கிய மாற்றம் ஒன்று. ‘பூனை எலியைக் கொன்றது’ என்னும் கருத்துடைய வாக்கியத்தைக் கொடுத்து, ‘எலி பூனையாற் கொல்லப்பட்டது’ என மாற்றுமாறு பாடநூல் பணிக்கும். செயப்படுபொருளை எழுவாயாக்குதல், வினையின் முன் ‘பீ’ என்னும் துணைவினையின் உரிய வடிவத்தை அமைத்தல், முதல்வினையை இறந்தகால எச்சவடிவிற் கூறுதல், பழைய எழுவாயை ‘பை’ என்னும் இடைச்சொல்லோடு இறுதியிற் சேர்த்தல் என விதிகள் நான்கு. இவற்றைப் பிழையின்றிச் செய்தவன் முழுப்புள்ளி பெறுவான். ஆனால், அவ்வடிவத்தை ஆங்கிலேயர் எப்போது, எதன்பொருட்டு ஆளுகின்றனர் என்ற வினாவுக்கு இப்பயிற்சி விடை தருவதில்லை. ஒரு வாக்கியத்தை இருவகையாகவுங் கூறலாம். இரண்டும் ஒன்றே என்னும் தவறான எண்ணத்தையே அது மாணவன் உள்ளத்தில் விதைக்கின்றது.

நாள்தோறும் எழுதப்படும் ஆங்கிலத்தை நோக்கினால் உண்மை வேறாகத் தோன்றும். டென்மார்க் நாட்டு இலக்கண அறிஞர் ஒற்றோ ஜெஸ்பேர்சன், ஆங்கில இலக்கியத்திற் காணப்பெறும் செயப்பாட்டுவினை வாக்கியங்களில் நூற்றுக்கு 70-க்கு மேற்பட்டவை வினைமுதலைக் கூறாதனவே எனக் காட்டினார். பாடநூல் வலியுறுத்தும் ‘பை’ என்னும் சொல் பெரும்பாலான வாக்கியங்களில் இல்லை. வினைமுதலைப் பின்னே தள்ளுவதிலும், அதனைக் கூறாது விடுவதற்கே இவ்வடிவம் பெரிதும் பயன்படுகின்றது என்பது இதனாற் போதரும்.

1924ஆம் ஆண்டில் வெளிவந்த ‘இலக்கணத்தின் தத்துவம்’ என்னும் நூலில் ஜெஸ்பேர்சன் இதற்குரிய காரணங்களை ஐந்தாக வகுத்தார். வினைமுதல் யாரென அறியப்படாமை ஒன்று. சொல்லாமலே விளங்குதல் மற்றொன்று. நயம் கருதியோ வேறு காரணத்தாலோ அதனைக் கூற விரும்பாமை மூன்றாவது. செய்தவனைவிடச் செயலுக்கு உள்ளானவன்மீது நாட்டம் மிகுதல் நான்காவது. முன்வந்த வாக்கியத்தோடு பின்வருவதை இயைத்தல் ஐந்தாவது. ‘கடையின் பூட்டு உடைக்கப்பட்டது’ என்று செய்தித்தாள் எழுதும்போது கள்வன் யாரென அறியாமையே காரணம். ‘மூவர் கைது செய்யப்பட்டனர்’ என்னுமிடத்துப் பொலிசாரைக் கூறவேண்டியதில்லை. அறிவியற் குறிப்பேட்டில் ‘நீர் கொதிக்கவைக்கப்பட்டது’ என எழுதுதற்குக் காரணம், நீருக்கு நேர்ந்ததே அங்கு ஆராய்ச்சிப்பொருள். கொதிக்கவைத்தவர் எவராயினும் ஒன்றே.

வழக்கின் அளவு எழுத்தின் வகைக்கேற்ப மாறுகின்றது. டக்ளஸ் பைபரும் அவரோடு சேர்ந்த நால்வரும் 1999இல் வெளியிட்ட பேரிலக்கண நூல், ஆங்கில ஆய்வுரைகளில் வரும் முற்றுவினைகளுள் ஏறத்தாழ நூற்றுக்கு 25 செயப்பாட்டுவினைகள் எனவும், செய்தித்தாள்களில் அது நூற்றுக்கு 15 எனவும், உரையாடலிலோ நூற்றுக்கு 2 மட்டுமே எனவும் கணக்கிட்டது. செயப்பாட்டுவினை வாய்மொழிக்கு அயலானது, எழுத்துமொழிக்கு உரியது. ஆங்கிலத்தைச் செவியாற் கேட்டறிதலிலும் நூலாற் கற்றறிதல் மிகுந்த இடங்களில், மாணவர் உரையாடலிலும் செயப்பாட்டுவினையைக் கலந்து பேசுதற்கு இஃதொரு காரணமாகலாம்.

இவ்வடிவத்தின் வரலாறும் அறியத்தக்கது. ‘வீடு கட்டப்பட்டுக்கொண்டிருக்கின்றது’ என்னும் தொடர்நிகழ்கால வடிவம் ஆங்கிலத்திற் பழமையானதன்று. அது பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேதான் எழுத்தில் தலைகாட்டியது. அதற்குமுன் ‘த ஹவுஸ் இஸ் பில்டிங்’ என்றே நல்லாசிரியர் எழுதினர். சொல்லுக்குச் சொல் கொள்ளின், ‘வீடு கட்டிக்கொண்டிருக்கின்றது’ என்பதே அதன் வடிவம். புதுவடிவம் பரவியபோது இலக்கண ஆசிரியர் பலர் அதனை வெறுத்தனர். அமெரிக்கரான றிச்சர்ட் கிறான்ற் உவைற் என்பார் 1870இல் வெளியிட்ட நூலில் அதனைக் கடிந்து தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். கடிந்தவர் மறைந்தனர், கடியப்பட்ட வடிவம் நிலைபெற்றது. பழைய ஆங்கில வழக்கைக் காணும் தமிழ்மாணவன் வியப்புறவேண்டியதில்லை. செயப்படுபொருளையே செய்தது போலக் கூறுதலும் வழக்கின் மரபு எனத் தொல்காப்பியம் சொல்லதிகாரத்திலே விதித்துள்ளது. தொடர்பில்லாத இரு மொழிகள் ஒரே தேவைக்கு ஒரே வழியைக் கண்டமை கருதத்தக்கது.

இனி, இவ்வடிவத்தைப் பற்றிய கண்டனங்களை நோக்கலாம். வில்லியம் ஸ்றங்க் 1918இல் எழுதிய சிறுநூல் செய்வினையை ஆளுமாறு அறிவுறுத்தியது. எனினும், செயப்பாட்டுவினையை முற்றாக விலக்கவேண்டுமென அவர் கூறினாரல்லர். அது பலவிடத்து வசதியானது, சிலவிடத்து இன்றியமையாதது என்பதையும் உடன்கூறினார். பின்வந்தோர் விதியை நினைவிற்கொண்டு விலக்கை மறந்தனர். 1946இல் ஜோர்ஜ் ஓவெல், அரசியலையும் ஆங்கில மொழியையும் பற்றி எழுதிய கட்டுரையில், செய்வினை பொருந்துமிடத்துச் செயப்பாட்டுவினையை ஒருபோதும் ஆளற்க என்னும் விதியை வகுத்தார். அதிகாரத்திலிருப்போர் கொடுமையை மங்கிய சொற்களால் மறைக்கின்றனர் என்பதே அவர் கவலை. அக்கவலை நேர்மையானது. 1987இல் அமெரிக்க ஜனாதிபதி றேகன், ஈரானுக்கு ஆயுதம் விற்ற விவகாரத்தைப் பற்றிக் காங்கிரசில் உரையாற்றியபோது, பிழைகள் செய்யப்பட்டன என்ற அளவில் நின்றார். செய்தவர் யார் என்பதை அவ்வாக்கியம் கூறவில்லை. இத்தகைய வாக்கியங்களை எண்ணினால் ஓவெலின் சினம் விளங்கும்.

ஆயினும், நோய் உண்மையானபோதும் மருந்து பொருந்தியதன்று. ஓவெலின் அக்கட்டுரையையே ஆராய்ந்தோர், அதில் நூற்றுக்கு 20-க்குச் சற்று மேற்பட்டவை செயப்பாட்டுவினைகள் எனக் கண்டனர். தமது விதியை அவரே கைக்கொள்ள இயலவில்லை என்பது அவருக்கு இழுக்கன்று. விதியின் குறைபாட்டிற்குச் சான்றாகும். மேலும், வினைமுதலை மறைத்தற்குச் செயப்பாட்டுவினை வேண்டுவதில்லை. ‘விபத்து நேர்ந்தது’, ‘விலை ஏறியது’, ‘கண்ணாடி உடைந்தது’ என்பனவற்றில் ஒன்றேனும் செயப்பாட்டுவினையன்று. வண்டியை ஓட்டியவனும், விலையை ஏற்றியவனும், கல்லை எறிந்தவனும் அவற்றில் நன்கு மறைந்துகொள்கின்றனர். மறுதலையாக, ‘சிறுவன் காவலனாற் சுடப்பட்டான்’ என்பது செயப்பாட்டுவினையாயினும் எதனையும் மறைக்கவில்லை. குற்றம் எழுதுவோன் நெஞ்சிலுளது. வினையின் வடிவத்தில் இல்லை.

இதன் வேரை ஆராய்ந்தால் ஆங்கிலத்தின் அமைப்பே காரணமாதல் புலனாகும். ஆங்கிலப் பெயர்ச்சொற்கள் வேற்றுமையுருபுகளைப் பெரும்பாலும் இழந்துவிட்டன. ஆகவே எழுவாயும் செயப்படுபொருளும் நிற்குமிடத்தாலேயே அறியப்படுகின்றன. எழுவாயின் இடத்தை வெறிதே விடவும் அம்மொழி பெரும்பாலும் இடந்தராது. செயப்படுபொருளை முதலில் வைக்கவோ வினைமுதலைக் கூறாது விடவோ விரும்பும் எழுத்தாளனுக்குச் செயப்பாட்டுவினை ஏற்ற வழியாயிற்று. தமிழுக்கு அவ்விடர்ப்பாடு இல்லை. தஞ்சைப் பெருங்கோயிலைப் பற்றிப் பேசுமிடத்து, ‘இக்கோயிலை இராசராசன் கட்டினான்’ என்றால், ‘ஐ’ உருபு காக்கக் கோயில் முதலில் நிற்கின்றது. ‘இக்கோயில் இராசராசனாற் கட்டப்பட்டது’ என்று ஆங்கிலத்தைப் பின்பற்றுதல் பிழையன்று. ஆனால் அவ்விடத்து வேண்டுவதுமன்று. ‘கதவைப் பூட்டிவிட்டார்கள்’ என்றால் பூட்டியவர் இன்னாரெனக் கூறாமலே கருத்து முற்றுகின்றது.

இவ்வேறுபாட்டை உணராமையால் விளையுங் கேட்டை அலுவலகத் தமிழிற் காணலாம். ஆங்கிலச் சுற்றறிக்கையில் இயல்பாக நிற்கும் வாக்கியம், தமிழாகும்போது ‘அறியத்தரப்படுகின்றது’, ‘கேட்டுக்கொள்ளப்படுகின்றீர்கள்’, ‘நடவடிக்கை எடுக்கப்படவுள்ளது’ என்றவாறு ‘படு’ச் சொற்களின் அடுக்காகின்றது. படிப்பவன் யாரிடம் சென்று கேட்பது, எவர் பொறுப்பு என்பதை அறியாது திகைக்கின்றான். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்ற கடிதத்தைப் பெறுகின்ற ஏழைக்கு, நிராகரித்தவர் யார் என்பது இலக்கண வினா அன்று, வாழ்க்கை வினா.

ஆதலின், வகுப்பறையிற் செய்யத்தக்கது விலக்கு விதியைப் புகட்டுதலன்று; வினவும் பழக்கத்தை ஊட்டுதலாகும். செயப்பாட்டுவினை வரும் வாக்கியம் ஒவ்வொன்றையும் நோக்கி, இதில் வினைமுதல் யார், அது கூறப்படாமைக்குக் காரணம் யாது, அக்காரணம் தக்கதா என மூன்று வினாக்களை மாணவன் எழுப்பவேண்டும். அறியாமையாலும் தேவையின்மையாலும் கூறாது விட்டது இலக்கணம். அஞ்சியோ வஞ்சித்தோ கூறாது விட்டது பொய்க்கு அயலிலுள்ளது. வாக்கியத்தை மாற்றக் கற்றவன் பரீட்சையிற் சித்தியெய்துவான். வாக்கியத்தை வினவக் கற்றவனோ செய்தித்தாளையும் சுற்றறிக்கையையும் கண்திறந்து படிப்பான். மொழிக்கல்வியின் பயன் பின்னையதே.